மூன்றாமாண்டு மாணவிகள் படி இறங்கும் விதம்

நான் வேலை பார்த்த பள்ளியில் இப்போது மேற்படிப்பைத் தேர்ந்தெடுக்க ஒரு செயலி வந்திருக்கிறது. பிள்ளை கைப்பேசியில் கேள்விகளுக்குப் பதில் தட்டிக்கொண்டே போனால், கடைசியில் உனக்கு இந்தப் படிப்புதான் பொருந்தும் என்று அது தீர்ப்புச் சொல்லிவிடும். எனக்குப் பின் உடற்கல்வி ஆசிரியையாக வந்திருக்கும் பிரியா, அதை என் மேல் சோதித்துப் பார்த்தாள். எனக்கு விமானப் பணிப்பெண் வேலை பொருந்தும் என்று வந்தது. அறுபதைத் தாண்டி, சர்க்கரையும் ரத்த அழுத்தமும் சேர்ந்து குடியிருக்கும் உடம்புக்கு விமானத்தில் வேலை போட்டுக் கொடுத்த அந்தப் பெருந்தன்மையை நான் குறை சொல்ல மாட்டேன்.

“அத விடுங்க மிஸ். இந்த வருஷம் ஒரு பொண்ணு டான்ஸ் டிகிரிதான் படிப்பேன்னு நிக்கிறா. இதுல போட்டா ஹோட்டல் மேனேஜ்மென்ட்னு வருது. நீங்க ஒருத்திய டான்ஸ் காலேஜுக்கு அனுப்புனீங்களாமே, எதப் பாத்து அனுப்புனீங்க?” என்று கேட்டாள்.

“தரையப் பாத்து” என்றேன்.

நான் கேலி செய்கிறேன் என்று நினைத்து அவள் சிரித்தாள். முப்பது வருஷத்துக்கு மேல் எல்லாவற்றையும் கேலி செய்தே காலம் தள்ளியதால் வந்த வினை இது. ஆகவே எழுதியே வைத்துவிடுகிறேன்.

என் படிப்புக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வெயிலில் ஓடினேன், விழுந்தேன், எழுந்தேன், பட்டம் கொடுத்தார்கள். காரைக்காலில் ஓர் அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் கழுத்தில் விசிலோடு சேர்ந்தேன். பொதுத்தேர்வு நெருங்கும்போதெல்லாம் என் பீரியடுகளைக் கணக்கு டீச்சரும் இயற்பியல் சாரும் பங்கு போட்டுக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்தில் உடற்கல்வி என்பது புறம்போக்கு நிலம். யார் வேண்டுமானாலும் வேலி போடலாம். அப்படிச் சும்மா நின்றுகொண்டிருந்த என் தலையில்தான் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மேற்படிப்பு வழி சொல்லும் பொறுப்பு வந்து விழுந்தது. அதற்கு என்னிடம் இருந்த தகுதி, சத்தமான குரலும் காலியான பீரியடும்.

நம் ஊரில் கல்லூரியை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதை அப்போதுதான் கண்ணால் பார்த்தேன். ஒரு வருஷம் கோட்டுச்சேரிப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே கல்லூரியின் பெயரைச் சொன்னார்கள். “என்னடி படிக்கப் போற?” என்று கேட்டால், “பஸ்ஸு எங்க முக்கு வரைக்கும் வருது மிஸ்” என்பதுதான் பதில். கடைசிவரை ஒருத்தியும் பாடத்தின் பெயரைச் சொல்லவில்லை. வீட்டில் போய்க் கேட்டால் அம்மாக்கள் பஸ்ஸின் நிறத்தைச் சொன்னார்கள்.

இதற்கு மேல் எங்கள் பூகோளம் வேறு. நாங்கள் புதுச்சேரியைச் சேர்ந்தவர்கள். ஆனால் புதுச்சேரிக்குப் போக வேண்டுமென்றால் சீர்காழி, சிதம்பரம், கடலூர் என்று தமிழ்நாட்டைக் கடந்து அரை நாள் பஸ்ஸில் குலுங்க வேண்டும். பக்கத்திலேயே இருக்கும் தமிழ்நாட்டுக் கல்லூரியில் நாங்கள் வெளியூர் ஆள். அரை நாள் தள்ளியிருக்கும் புதுச்சேரிக் கல்லூரியில் உள்ளூர் ஆள். இதைப் பெற்றோருக்கு விளக்கி விளக்கியே விசில் ஊதவேண்டிய மூச்செல்லாம் எனக்குத் தீர்ந்தது.

இந்தப் பொறுப்பை என்னிடம் கொடுத்தவர் எங்கள் துணை முதல்வர் அந்துவான் சார். பள்ளியில் முதல்வர் என்று ஒருவர் கிடையாது. இல்லாத ஒருவருக்குத் துணையாக ஒருவரை வைத்துப் பள்ளியை நடத்தியது எங்கள் நிர்வாகத்தின் தனி அழகு. சாரின் சொந்தங்களில் பாதிப் பேர் பிரான்சில் இருந்தார்கள். இவர் மட்டும் காரைக்காலை விட்டு நகரவில்லை. அங்கே குளிர் என்று காரணம் சொல்வார். அங்கே போனால் யாரும் இவருக்கு எழுந்து நிற்க மாட்டார்கள் என்பதுதான் காரணம் என்று ஆசிரியர் அறையில் நாங்கள் பேசிக்கொள்வோம்.

அவர் அறையில் பெற்றோர் உட்கார நாற்காலியே இருக்காது. யாராவது பிள்ளை விஷயமாக வந்தால் எழுந்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, “வாங்க, நடந்துகிட்டே பேசலாம்” என்று மைதானத்தில் இறக்கிவிடுவார். கண்ணாடி இல்லாமல் அவருக்கு எதிரே வருவது மாடா மனிதனா என்று தெரியாது. தன் முகம் தெரியாதவரிடம் மனிதர்கள் தைரியமாகப் பேசுவார்கள் என்பது அவர் கணக்கு. முதல் சுற்றில் மழை, மேட்டூர்த் தண்ணீர், உரத் தட்டுப்பாடு. அடுத்த சுற்றில் வாயே திறக்க மாட்டார். பேசாமல் நடக்கிற ஒருவரோடு கூடவே பேசாமல் நடப்பது நம் ஊர்க்காரர்களால் ஆகாத காரியம். எதையாவது சொல்லியே தீர வேண்டும் என்று வாயைத் திறப்பார்கள், உள்ளது வெளியே வந்து விழும்.

“நாற்காலியில உக்கார வச்சா மனுஷன் மனு குடுக்க ஆரம்பிச்சிடறான் டீச்சர். நடக்க விட்டாத்தான் பேசறான்” என்பார்.

சித்திரை வெயிலிலும் இதே நடைதான். ஒரு தகப்பனார் நடந்து நடந்து மயங்கி விழுந்தார். தண்ணீர் தெளித்து எழுப்பியதும் முதல் வார்த்தையாக, பெண்ணை நர்சிங்கில் சேர்க்கச் சம்மதம் என்றார். இந்த வெற்றியை அந்துவான் சார் ஓய்வு பெறும் வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

இனி கயல்விழி. சுரக்குடிப் பெண். அப்பா தட்சிணாமூர்த்திக்குக் கொஞ்சம் நெல் சாகுபடி, மீதி நேரத்தில் கீழவாஞ்சூர் துறைமுகத்தில் லாரிகளுக்கு எடை போடுகிற வேலை. வேலை முடிந்து வந்தால் காதுக்குள் வரைக்கும் நிலக்கரி இருக்கும். கயல் சின்ன வயதிலிருந்து கோட்டுச்சேரியில் ஒரு வீட்டு மாடியில் பரதநாட்டியம் கற்றுக்கொண்டிருந்தாள். ஆடினால் நன்றாக ஆடுவாள் என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அவள் ஆடும்போது பின்வரிசைப் பிள்ளைகள் கைப்பேசியைப் பார்க்காமல் மேடையைப் பார்த்தார்கள். எனக்கு அந்தச் சாட்சி போதும்.

பதினொன்றாம் வகுப்பில் அவளுக்கு அடிபட்டது. அறுவடை முடிந்தால் எங்கள் பக்கத்துத் தார்ரோடு பாதி களமாகிவிடும். நெல்லைக் கொட்டிப் பரப்பி, சுற்றிலும் கல்லை அடுக்கி, வண்டிக்காரன் வேண்டுமானால் வயலில் இறங்கிப் போகட்டும் என்று விட்டுவிடுவார்கள். தட்சிணாமூர்த்தியும் அப்படித்தான் பரப்பியிருந்தார். நடன வகுப்பு முடிந்து ஸ்கூட்டரில் வந்தவள் திருப்பத்தில் நெல்லின் மேல் ஏறி வழுக்கி விழுந்தாள். வலது முட்டியில் எலும்பு விரிசல். ஓடிவந்து தூக்கிய பிறகுதான் அவருக்கு விழுந்தது தன் மகள் என்றும், நெல் தன் நெல் என்றும் சேர்ந்து உறைத்தது.

அதற்குப் பின் அந்த மனிதர் ரோட்டில் நெல் காயப்போடுகிற அத்தனை பேரோடும் சண்டைக்குப் போனார். ஊரில் அவருக்குச் சொந்தக்காரர்களே மிச்சமில்லை. மகள் எதைக் கேட்டாலும் வாங்கிக் கொடுத்தார். டான்ஸ் டிகிரி என்று அவள் சொன்ன அன்றே சரி என்று சொல்லிவிட்டார். இவ்வளவு சுலபமாகச் சம்மதித்த அப்பாவை அதற்கு முன் நான் பார்த்ததில்லை, அதனாலேயே எனக்குச் சந்தேகம் வந்தது.

பன்னிரண்டாம் வகுப்பில், ஆண்டு விழா ஒத்திகை முடிந்து, கயல் மாடிப்படியில் இறங்கினாள். நான் கீழே நின்றிருந்தேன். ஒவ்வொரு படிக்கும் வலது காலையே முதலில் வைத்து, இடது காலை அதன் பக்கத்தில் கொண்டுவந்து சேர்த்தாள். கை மட்டும் சுவரை விடவில்லை. எங்கள் தொழிலில் இதைப் பார்த்துவிட்டால் வேறு சாட்சி வேண்டியதில்லை.

“முட்டி வலிக்குதா?”

“இல்ல மிஸ்.”

“பொய் சொன்னா கிரவுண்ட சுத்தி ஓட விடுவேன்.”

“வலிக்குது மிஸ்” என்றாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். “அப்பாகிட்ட சொல்லிடாதீங்க மிஸ். அம்மாவுக்குத் தெரியும். அப்பாவுக்கு வேணாம். அந்த வெள்ளாமையில ஒரு படி நெல்லுகூட வீட்டுக்குன்னு எடுத்து வைக்கல மிஸ். அம்புட்டையும் வித்துட்டு, கடையில அரிசி வாங்குனாரு. தெனம் வேலை முடிஞ்சு வந்து, வலிக்குதா பாப்பான்னு கேப்பாரு. இல்லப்பான்னு நான் சொன்னாத்தான் சாப்புடவே உக்காருவாரு.”

அப்பாவிடம் சொல்ல மாட்டேன் என்று தலையை ஆட்டினேன்.

அவள் அம்மா செல்வியையும் கூட்டிக்கொண்டு காரைக்காலில் ஓர் எலும்பு மருத்துவரிடம் போனோம். எலும்பு சேர்ந்துவிட்டது, உள்ளே சவ்வு தேய்ந்திருக்கிறது என்றார். “ஆடலாம். தொடைக்குப் பலம் ஏத்துங்க. ஆனா கல்லுத் தரையில தெனம் மணிக்கணக்கா காலத் தட்டுனா, பட்டம் வாங்குறதுக்குள்ள அந்த முட்டி ஓஞ்சிடும். அப்புறம் டான்ஸு இல்ல, படி ஏறுறதே பெரும்பாடு” என்றார். அன்றிலிருந்து அவளைச் சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலி இல்லாமல் நாற்காலியில் உட்கார்ந்ததுபோல் நிற்க வைத்தேன். அவள் என்னைத் திட்டியது எனக்குக் கேட்டது. கேட்காததுபோல் விசில் ஊதினேன்.

பிரச்சினை கல்லூரியைத் தேர்ந்தெடுப்பதில் வந்தது. தமிழ்நாட்டுப் பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரி, புதுச்சேரியில் ஒரு பழைய கலைக் கல்லூரி, இரண்டிலும் நாட்டியத்தில் பட்டப்படிப்பு இருந்தது. இரண்டுக்கும் நேர்முகத் தேர்வு ஒரே நாள். ஒன்றுக்குப் போனால் மற்றது போயிற்று. இரண்டும் தவறினால் அம்மாவின் விருப்பப்படி பி.காம். அப்பாவும் மகளும் தனியார் கல்லூரியின் வீடியோவைப் பார்த்து மயங்கிக் கிடந்தார்கள்.

நான் அந்துவான் சாரிடம் மருத்துவர் சொன்னதைச் சொன்னேன். அவர் கயலின் பெற்றோரை வரவழைத்து, கண்ணாடியைக் கழற்றினார். எல்லோரும் மைதானத்தில் இறங்கினோம். சாரும் தட்சிணாமூர்த்தியும் செல்வியும் முன்னால், நானும் கயலும் பின்னால். முதல் சுற்று மழையில் போயிற்று. அடுத்த சுற்றில் சார் வாயை மூடிக்கொண்டார்.

“எம்பொண்ணுக்கு ஒசத்தியானதுதான் சார் வேணும். அந்த ஹாலு கண்ணாடி மாதிரி இருக்குது. மூஞ்சி தெரியுது தரையில” என்றார் தட்சிணாமூர்த்தி.

“டான்ஸெல்லாம் எதுக்கு சார், பி.காமே படிக்கட்டும். கணக்கு நல்லாப் போடுவா” என்றாள் செல்வி. காலாண்டில் கயல் கணக்கில் ஃபெயில். அது அங்கே நடந்த எல்லோருக்கும் தெரியும்.

சார் பேசவில்லை. இன்னும் கொஞ்ச தூரம் போனதும் தட்சிணாமூர்த்தியே, “அவ ஆடணும் சார். அவ ஆடறதப் பாத்தாத்தான் எனக்கு...” என்று ஆரம்பித்து, துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு நிறுத்திவிட்டார். எனக்குப் பக்கத்தில் கயல் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டு நடந்தாள். மூன்று பேரும் ஒரே முட்டியைத்தான் மறைத்துக்கொண்டிருந்தார்கள். மகள் அப்பாவுக்காக, அம்மா மகளுக்காக. அப்பாவோ தெரிந்தும் தெரியாமலும், தனக்காக.

சார் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். தீர்ப்பு வருகிறது என்று அர்த்தம். “டீச்சர், இவங்கள கூட்டிகிட்டு ரெண்டு காலேஜையும் பாத்துட்டு வாங்க. எனக்கு டான்ஸு தெரியாது, ஒங்களுக்கும் தெரியாது. தரை ஒங்களுக்குத் தெரியும்” என்றார்.

தனியார் கல்லூரியில் கோட் போட்ட ஒரு தம்பி எங்களை வரவேற்றார். வாசலில் ஆள் உயர நடராசர். உள்ளே குளிரூட்டிய கூடம். தரை நிஜமாகவே கண்ணாடிபோல் இருந்தது. வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த கல் என்றார் தம்பி. நான் செருப்பை விட்டுவிட்டு, சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன். குதிகாலில் வாங்கிய அடி மண்டையில் போய் நின்றது.

“மேடம், ஸ்டூடண்ட் யாரு?” என்று தம்பி பதறினார்.

“நான்தான்னு வச்சுக்கங்களேன்.”

மிருதங்கம் வாசிப்பவர் எங்கே என்று கேட்டேன். ஒலிபெருக்கியைக் காட்டினார். மூன்றாமாண்டு மாணவிகளைப் பார்க்கலாமா என்றேன். வகுப்பு விட்டு மாடியிலிருந்து அவர்கள் இறங்கி வந்தார்கள். நல்ல பிள்ளைகள், சிரித்த முகம். பாதிப் பேர் படியில் பக்கவாட்டில் திரும்பி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். ஒருத்தி சுடிதாருக்கு மேலேயே முட்டியில் பட்டை சுற்றியிருந்தாள். இருபது வயதுப் பெண்கள் என் வயதுக்காரிகளைப்போல் படி இறங்கியதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரவில்லை. கயல் அதைப் பார்த்தாள். ஆனால் கூடத்து விளக்குகளையும் பார்த்தாள், அதையே அதிக நேரம் பார்த்தாள்.

“மேல வெளக்கு எப்புடி மிஸ், சூப்பர்ல?” என்றாள்.

“வெளக்குல ஆடப் போறியா?”

அடுத்த வாரம் புதுச்சேரி. கல்லூரி அலுவலகத்தில் காரைக்கால் என்றதும் அங்கிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். “டான்ஸுக்கா? காரைக்காலுக்குன்னு ஒரு எடம் இருக்குங்க. யாரும் வர்றதில்ல, அப்புடியே கெடக்கும்” என்றார். வளாகத்தில் இரண்டு கட்டடங்கள். ஒன்று புதிது, கிரானைட் தரை, கண்ணாடிக் கதவு, பெரிய பூட்டு. கட்டி முடித்து வெகுகாலமாகியும், திறந்து வைக்க அமைச்சருக்குத் தேதி அமையவில்லையாம். அதனால் வகுப்பு இன்னும் பழைய கட்டடத்து மாடியில்தான். வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம், சாயம் போன மஞ்சள் சுவர், மரப்படி. மேலே போனால் நீளமான கூடம், முழுக்க மரப் பலகைத் தரை.

நாட்டியப் பேராசிரியை ஜெயலட்சுமி அம்மா பிஸ்கட் தின்றுகொண்டே எங்களைப் பார்த்தார். “என்ன பாக்கணும்?”

“தரையப் பாக்கணுங்க.”

“தாராளமா பாருங்க. அப்புடியே மேல மட்டும் பாத்துடாதீங்க, ஒழுவும்.”

ஓரத்தில் ஒருவர் மிருதங்கத்தை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். தூங்கினாலும் ஆள் இருந்தார். நான் தட்டிப் பார்த்தேன். பலகை அடியை வாங்கிக்கொண்டு காலைத் திருப்பிக் கொடுத்தது. பிறகு தட்சிணாமூர்த்தியிடம், “நீங்க தட்டிப் பாருங்க” என்றேன்.

“நானா டீச்சர்?”

“ஒசத்தியானது எதுன்னு நீங்கதான சொல்லணும்? அங்க நடந்தீங்க, இங்க ஆடிப் பாருங்க.”

அவர் வெட்கப்பட்டார். மாணவிகள் சிரித்தார்கள். கடைசியில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஊர்த் திருவிழாவில் ஆடுவதுபோல் நாலு குத்துக் குத்தினார். உத்தரத்தில் இருந்த புறாக்கள் எல்லாம் எழும்பின. மிருதங்கக்காரர் விழித்துக்கொண்டு, என்ன ஏது என்று கேட்காமல் வாசிக்கவே ஆரம்பித்துவிட்டார். தட்சிணாமூர்த்தி நிறுத்தவில்லை. வியர்த்து நின்றபோது தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, படியிறங்கி வெளியே போய், வராந்தாவின் கல் தரையில் இரண்டு முறை ஓங்கித் தட்டிவிட்டு, மறுபடி மாடிக்கு வந்தார்.

“அங்க தரை அடிக்குது டீச்சர். இங்க தாங்குது. நம்ம சாணி மொழுகுன களம் மாதிரி இருக்கு.”

ஜெயலட்சுமி அம்மா கயலை ஆடச் சொன்னார். அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் போனாள். வீடியோ எடுக்க ஒரு நல்ல சுவர்கூட இல்லையே என்று என் காதில் முணுமுணுத்துவிட்டுப் போனாள். அரைமண்டி போட்டாள், அதாவது முட்டிகளை வெளிப்பக்கம் மடக்கிப் பாதி உட்கார்ந்த நிலை. அதில் அவள் எப்போதும் கொஞ்சம் மேலேயே நிற்பாள். அன்று இறங்கி உட்கார்ந்தாள். நடுவில் ஓரிடத்தில், விழுந்ததற்குப் பின் அவள் விட்டுவிட்ட ஒரு குதியைக் குதித்தாள். குதித்து இறங்கியதும் ஒரு நொடி அவளே திகைத்துப்போய் என்னைப் பார்த்தாள். நான் விசில் இல்லாமல் நின்ற சில தருணங்களில் அது ஒன்று, இருந்திருந்தால் ஊதியிருப்பேன்.

கீழே இறங்கும்போது, “ஒனக்கு எது பாப்பா?” என்று அப்பா கேட்டார்.

“இதே இருக்கட்டும்பா” என்றாள்.

“வலிக்கலயே?”

“இல்லப்பா.”

செல்வி என்னைப் பார்த்தாள். நான் புறாவைப் பார்த்தேன்.

பிரியாவுக்குச் சொல்வது இதுதான். நாட்டியப் படிப்புக்கு ஒரு பிள்ளையை அனுப்பும்போது, பாடத்திட்டத்தை எல்லோரும் ஒன்றுபோலத்தான் அச்சடித்திருப்பார்கள், அதைப் படித்து ஒன்றும் ஆகப் போவதில்லை. காலைத் தட்டிப் பார். கூடத்தில் மிருதங்கம் இருக்கிறதா, அதைத் தொட ஆள் இருக்கிறதா என்று பார். அந்தப் பட்டத்தை வைத்துப் பள்ளியில் நாட்டிய ஆசிரியை வேலைக்கு மனுப் போட முடியுமா என்று வாயைத் திறந்து கேள், வெட்கப்படாதே. எல்லாம் முடிந்ததும் படிக்கட்டுக்குக் கீழே நின்று மூன்றாமாண்டு மாணவிகள் இறங்கி வருவதைப் பார். செயலியால் அங்கே போய் நிற்க முடியாது.

கயல் சேர்ந்தாள். அந்துவான் சார் ஓய்வு பெற்றார், பின்னாலேயே நானும். அவள் இரண்டாம் ஆண்டுக்கு வந்தபோது அமைச்சருக்குத் தேதி அமைந்துவிட்டது. புதுக் கட்டடத் திறப்பு விழாவில் முதல் ஆட்டம் கயலுடையது என்று ஜெயலட்சுமி அம்மா முடிவு செய்திருந்தார். மறுநாளிலிருந்து வகுப்புகள் எல்லாம் கிரானைட் கூடத்துக்கு மாறும். கயல் எனக்குப் போன் செய்தாள்.

“மிஸ், ஒரு நாள் ஆடுனா ஒண்ணும் ஆவாதுல்ல?”

“ஒரு நாள்னா ஆவாது. மறுநாள் என்ன பண்ணுவ?”

தரை அவள் கையிலும் இல்லை, என் கையிலும் இல்லை. எனக்கு அந்த அமைச்சர் மேலும், அந்தக் கிரானைட் மேலும், என் மேலும் கோபமாக வந்தது. இவ்வளவு பார்த்துத் தேர்ந்தெடுத்து, கடைசியில் ஒரு ரிப்பன் வெட்டில் எல்லாம் போகிறதே என்று அன்று சாப்பிடவே பிடிக்கவில்லை.

விழாவுக்கு நானும் தட்சிணாமூர்த்தியும் ஒரே பஸ்ஸில் போனோம். செல்விக்கு அங்கன்வாடியில் விடுப்புக் கிடைக்கவில்லை. தட்சிணாமூர்த்தி வழி முழுக்க, கூடத்தில் மகள் எங்கே நிற்பாள், அமைச்சர் எங்கே உட்காருவார் என்று கேட்டுக்கொண்டே வந்தார். ரிப்பன் வெட்டினார்கள், சால்வைகள் போட்டார்கள், போட்டவர்களுக்கும் போட்டார்கள். நாங்கள் கடைசி வரிசையில் இருந்தோம். கயல் சலங்கை கட்டி, முழு ஒப்பனையோடு கூடத்தின் நடுவில் வந்து நின்றாள். மிருதங்கக்காரர் விழித்திருந்தார். எல்லோரும் அவள் தரையைத் தொட்டுக் கும்பிடப் போகிறாள் என்று காத்திருந்தபோது, அவள் நடந்து போய், நிகழ்ச்சி அறிவிப்பவர் கையிலிருந்த மைக்கை வாங்கினாள்.

“எல்லாருக்கும் வணக்கம். எனக்கு முட்டி வலிக்குது. அடிபட்ட நாள்லேர்ந்து வலிக்குது. இந்தத் தரையில என்னால ஆட முடியாது. இங்கயே தெனம் ஆடுனா எங்க யாராலயும் ரொம்ப நாள் ஆட முடியாது. நான் பழைய கட்டடத்துல ஆடறேன். தயவுசெஞ்சு எல்லாரும் மேல வாங்க” என்று சொல்லிவிட்டு, மைக்கைக் கொடுத்துவிட்டு, சலங்கை ஒலிக்க வெளியே நடந்தாள்.

கல்லூரி முதல்வரின் முகம் இருந்த இருப்பை வர்ணிக்க எனக்குத் தமிழ் போதாது. ஜெயலட்சுமி அம்மா எழுந்து, ஒன்றும் நடக்காததுபோல் அவள் பின்னாலேயே போனார். மிருதங்கக்காரரும் போனார். அமைச்சர் நல்ல மனிதர், அல்லது பசியில் இருந்தார். “போவோமே” என்று எழுந்தார். அவர் எழுந்ததும் எல்லோரும் எழுந்தார்கள். பழைய படிக்கட்டின் அடியில் பொறியாளர் ஒருவர் கையை விரித்துக்கொண்டு நின்று, இத்தனை பேர் ஏறினால் மாடி தாங்காது என்று கெஞ்சினார். அதனால் அமைச்சரும் அதிகாரிகளும் முற்றத்து வேப்பமர நிழலில் நின்றார்கள். மாணவிகளையும் பெற்றோரையும் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக மேலே விட்டார்கள்.

பின்னால் நடந்ததையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வகுப்புகள் மறு உத்தரவு வரும் வரை தற்காலிகமாகப் பழைய கூடத்திலேயே நடக்கும் என்று உத்தரவு போட்டார்கள். அரசாங்கத்தில் தற்காலிகம் என்றால் அதற்கு முடிவே கிடையாது என்பது எல்லோருக்கும் தெரியும். கிரானைட் கூடத்தில் இப்போது தேர்வு எழுதுகிறார்கள்.

அன்று தட்சிணாமூர்த்தி மேலே ஏறவில்லை. நான் திரும்பிப் பார்த்தபோது, மரப்படியின் கீழ்ப்படியில், துண்டை மடியில் சுருட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். மேலே சலங்கையைச் சரி செய்யும் சத்தம் பலகை வழியாகக் கேட்டது.

“வலிக்குதுன்னு சொல்லிட்டா டீச்சர்.”

“ஆமாங்க.”

“தெனம் கேட்டேன் டீச்சர். இல்லப்பா இல்லப்பான்னே சொன்னா. எனக்குத் தெரியும், அவ படி எறங்கறத நானும் பாக்கறவன்தான். அவ வாயால சொல்லிட்டா நான் தாங்கமாட்டேன்னு நெனச்சு சொல்லாம இருந்தா. நானும் அப்புடித்தான் நெனச்சுகிட்டு, இல்லன்னு சொல்றதுக்காகவே கேட்டேன்.” துண்டை இன்னும் இறுக்கிச் சுருட்டினார். “இப்ப மேல போனா நான் அழுதுடுவேன்.”

“அழுங்க. அத்தன பேர் முன்னாடி அவ சொல்லிட்டா. நீங்க அழுதா மட்டும் என்ன கொறஞ்சிடப் போவுது, பெரிய ஆளு.”

மேலிருந்து கயல் கைப்பிடியில் எட்டிப் பார்த்தாள். கண்ணில் தீட்டிய மை அதற்குள் கலைந்திருந்தது. “அப்பா, வாங்கப்பா, ஒங்களுக்காகத்தான் நிக்கிறோம்” என்று கூப்பிட்டாள்.

அவர் அழுதுகொண்டே ஏறினார்.